கள்ளிப்பெட்டியில் வைத்த பொம்மைகள்

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய சமயம். அருப்புக்கோட்டையை ஒட்டி, பாளையம்பட்டியில் குடியிருந்தோம். மழை பொய்த்து, கிணறுகளெல்லாம் தூர் தெரியக் கிடந்தன. எங்களுடையது வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். ஆனால் என் வீட்டுக்காரர் தறியில் உட்காரவில்லை. சின்ன வயதிலேயே பம்பாய்க்குப் போய், சரக்குக் கப்பலில் சமையல் வேலையில் சேர்ந்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கூட வேலை பார்த்தவர்கள் வாட்ச், ரேடியோ, சென்ட்டு பாட்டில் என்று வாங்கி வருவார்கள். இவர் கொண்டுவருவது வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து சோழி பதித்த மர முகமூடி, ஜப்பானிலிருந்து கையே இல்லாத உருண்டைத்தலைப் பொம்மை, மெக்சிகோவிலிருந்து வைக்கோலில் பின்னிய கழுதை, ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து பூப்போட்ட மரக்கரண்டி. துறைமுகக் கடைகளில் விற்கும் புதுசைத் தொடவே மாட்டார். சந்தை சந்தையாக அலைந்து, வீடுகளில் புழங்கித் தேய்ந்த பழசாகத் தேடிப் பிடிப்பார். "இத செஞ்சவனும் எங்கப்பா மாதிரிதான் இருந்திருப்பான். பேரு யாருக்கும் தெரியாது, வேலை மட்டும் நிக்கும்" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சுவர் முழுக்க மாட்டி வைத்திருந்தோம். மழை பொய்த்த பிறகுதான் தெருவில் பேச்சு கிளம்பியது. எதிர்வீட்டு அக்கா, பலசரக்குக் கடைக்காரர் மனைவி, வாசலில் நின்றே கேட்டுவிட்டாள்: "ஏத்தா, இந்தப் பேய் மூஞ்சிகள மாட்டி வச்சிருந்தா மழை எங்கிட்டு இருந்து பெய்யும்?" அவள் ஒருத்தி என்றால் பரவாயில்லை. குடத்தோடு வரிசையில் நிற்கிற இடத்திலெல்லாம் இதே பேச்சு.

லீவில் வந்திருந்த இவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் இறக்கி, வைக்கோல் வைத்துப் பொதிந்து, கள்ளிப்பெட்டிகளில் அடுக்கி ஆணி அடித்தார். பின்னாடி மண்தரை அறையில் வைத்துப் பூட்டினார். "இந்த ஒரு பயணந்தான். திரும்பி வந்து முன்னறையில அலமாரி அடிச்சு வரிசையா வைக்கிறேன். கடலே பாக்காத பிள்ளைக வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்தப் பயணத்தில்தான் கப்பல் ஆட்டத்தில் கொதிக்கிற எண்ணெய் வலது கையில் கொட்டிவிட்டது. எங்கோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்து, விரல்கள் ஒட்டிப்போன கையோடு திரும்பி வந்தார். இனி கப்பலும் கிடையாது, தறியும் கிடையாது. ஆனாலும் மனுஷன் இடிந்துபோய்விடவில்லை. பேச்செல்லாம் பெட்டிகளைப் பற்றித்தான். ஆசாரியை வைத்து முதலில் அலமாரி அடித்தார். திருச்சுழிப் பக்கத்து வாத்தியார் ஒருவர், தான் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிறகு பிள்ளைகளைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை வாத்தியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. இவர் சலவைச் சட்டை போட்டு நின்றார். முதல் பெட்டியைத் தூக்கி வந்த ஆள், "அண்ணே, என்ன பெட்டி இம்புட்டு லேசா இருக்கு?" என்றார். அடியிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டிக்கொண்டே வந்தது.

ஆணியைப் பிடுங்கத் தேவையே இல்லாமல் போயிற்று. மூடி கையோடு வந்துவிட்டது. மேலாக இருந்த முகமூடி பார்வைக்கு முழுசாகத்தான் தெரிந்தது. "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று இடது கையால் ஆசையாக எடுத்தார். மேலே வர்ணம் மட்டும்தான் தோல் மாதிரி நின்றிருக்கிறது. கைக்குள் அப்படியே நொறுங்கி, சோழிகள் தரையில் தெறித்தன. வெள்ளை வெள்ளையாய்க் கரையான்கள் அவர் முழங்கை வரை ஊர்ந்தன. அவர் தட்டிவிடக்கூட இல்லை.

மற்றப் பெட்டிகளிலும் அதே கதிதான். எல்லாம் மண்ணும் தூளும். வாத்தியார், "இன்னொரு நாள் வாரேன்" என்று கிளம்பிப் போனார். கூட்டமும் கலைந்தது.

எதிர்வீட்டு அக்கா மட்டும் போகவில்லை. தன் வீட்டுக்குப் போய் முறத்தை எடுத்து வந்தாள். "நீ தள்ளுத்தா" என்று என்னை நகர்த்திவிட்டு, அந்தத் தூளை அள்ளி அள்ளிப் புடைத்தாள். சோறு தண்ணி இல்லாமல் பொழுது சாயும்வரை புடைத்தாள். நடுவில் ஒரு தடவை தலையைக் குனிந்தபடியே, "அண்ணே, அன்னைக்கு நான் அப்பிடிப் பேசிருக்கக் கூடாது" என்றாள். இவர், "நீங்க என்ன செய்வீக? குடிக்கத் தண்ணி இல்லாத நேரம்" என்றார். அவ்வளவுதான்.

மிஞ்சியது கொஞ்சம் சோழி, பாசிமணி, துருப்பிடித்த ஆணிகள், ஒரு மண் குருவி ஊதல். அந்தக் குருவியைத் துடைத்து வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். உள்ளெல்லாம் கரையான் மண். சத்தம் வரவில்லை. மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு சில வருஷம் இருந்தார். அலமாரியில் நான் அரிசி டப்பா வைத்தேன். "அந்தக் கழுதைய எந்தச் சந்தையில வாங்குனீக?" என்று பேச்சை இழுத்தால், "ஞாபகம் இல்ல" என்பார். எந்த ஊரைக் கேட்டாலும் ஞாபகம் இல்லைதான். எல்லாமே ஞாபகம் இருந்தது என்று எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்லாமலே போய்விட்டார்.

இப்போதும் யாராவது தான் ஆசையாகச் சேர்த்த ஒன்றை, அது வெறும் தீப்பெட்டிப் படமாக இருந்தாலும் சரி, காட்டக் கூப்பிட்டால், அடுப்பில் உலை கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். "நாளைக்கு வாரேன்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.