நாலு அங்குலத் தண்ணீர்

நவம்பரில் நான்கு மணிக்கே வெளிச்சம் போய்விடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நெவில் பார்ட்லெட் கால்வாயில் கடைசி லாக்குக்கு முன்னால் படகைக் கட்டிப்போட்டது அதனால்தான். இரு பக்கமும் கதவு வைத்து, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை மேல்மட்டத்திலிருந்து கீழே இறக்கும் தொட்டிதான் லாக். காலையில் அதில் இறங்கிவிட்டால் மூன்றே மைல். மனைவி மேவிஸ் இருக்கும் முதியோர் இல்லம் வந்துவிடும்.

இல்லத்துப் பொது அறையின் ஜன்னல் கால்வாயைப் பார்த்தபடி இருக்கும். மேவிஸுக்குக் கணவனின் முகம் அடையாளம் தெரியாமல் போய் ஒரு வருடமாகிறது. படகு மட்டும் தெரியும். முப்பத்தோரு வருடம் குடியிருந்து, அவளே பச்சை வண்ணம் அடித்த ஒடுக்கமான நீளப் படகு. அது எதிர்க்கரையில் வந்து நின்றால் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, "வந்துட்டார்" என்பாள். நெவில் படகிலிருந்து கையாட்டினால் அவளும் ஆட்டுவாள். அதே நெவில் பாலத்தைச் சுற்றி அறைக்குள் வந்தால் யாரோ ஒருவர்.

வீடாகப் படகை வைத்திருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. குளிர்காலத்துக்கு மட்டும் சில இடங்களில் தங்க விடுவார்கள். இல்லத்துக்கு எதிரே அப்படி ஓர் இடத்தை நெவில் வாங்கி வைத்திருந்தார். ஆனால் வழியில் என்ஜின் படுத்துப் பதினோரு நாள் போய்விட்டது. இந்த லாக்கின் கீழ்க்கதவுகள் ஒழுகுவதால் பழுது பார்க்கத் திங்கள் காலை பத்து மணிக்கு அடைக்கிறார்கள். மறுபடி திறப்பது மார்ச்சில்தான்.

திங்கள் விடியும்போது நெவில் படுக்கையிலிருந்து சுவரோரம் உருண்டு கிடந்தார். கெட்டில் தரையில். வாளியிலிருந்த நிலக்கரி அறையெங்கும் சிதறியிருந்தது. கதவைத் திறந்தார். கால்வாயில் தண்ணீர் இல்லை. பழைய டயரும் ஒரு சைக்கிளும் சேற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. படகு ஒருக்களித்துக் கிடந்தது.

பின்னால் கட்டியிருந்த படகிலிருந்து டாட் பில்லிங் தலையை நீட்டினாள். நாயோடு தனியாக வாழ்கிறவள்.

"நெவில், உசுரோட இருக்கியா? நான் உருண்டு நாய் மேல விழுந்துட்டேன்யா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கு."

"எவனோ லாக்குல தண்ணி விடுற ஷட்டரைத் தூக்கி விட்டுட்டுப் போயிருக்கான்."

"வாடகைப் படகுக்காரனுங்களா இருக்கும். தொப்பி போட்டாலே கேப்டன்னு நெனப்பு."

"நவம்பர்ல ஏது வாடகைப் படகு?"

"அப்போ நம்ம ஆளுதான். கையில கெடைக்கட்டும், அந்த மடையனை இந்தச் சேத்துலயே நட்டு வெக்கிறேன்."

"நானே குழி தோண்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு நெவில் லாக்கை நோக்கி நடந்தார்.

மேல்கதவின் ஷட்டர் முழுக்கத் தூக்கியிருந்தது. அதைத் திருகும் இரும்புக் கைப்பிடி அச்சிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. பிடியில் சிவப்பு நாடா. மேவிஸ் சுற்றியது.

நேற்று சாயங்காலம், காலையில் நேரம் மிச்சமாகட்டுமென்று லாக்கை நிரப்பி வைக்க வந்தது நினைவிருந்தது. ஷட்டரை இறக்கியது நினைவில் இல்லை. இறக்கவேயில்லை. இரவெல்லாம் தண்ணீர் லாக்குக்குள் இறங்கி, ஒழுகும் கதவு வழியே வெளியேறியிருக்கிறது. கைப்பிடியை அச்சில் விட்டுப் போகாதே என்று எத்தனை புதுப் படகுக்காரர்களை அவர் அதட்டியிருப்பார். மேவிஸுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கேஸ் அடுப்பு, அப்புறம் சாவி.

ஷட்டரை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது டாட் பின்னால் நின்றாள்.

"யாருதுய்யா அந்தக் கைப்பிடி?"

"என்னுது."

டாட் கைப்பிடியை அச்சிலிருந்து உருவி அவர் கையில் கொடுத்தாள். பிறகு, "சரி, நின்னு அழுவாத. மேல் லாக்குலேருந்து தண்ணி விடுவோம் வா" என்றாள்.

இருவரும் மேலே போய் ஷட்டர்களைத் திறந்தார்கள். தண்ணீர் சேற்றில் கோடு கோடாய் வந்தது. ஒன்பதரைக்கு லாக்கை அடைக்கக் கிரேன் லாரி வந்தது. மேஸ்திரி கிரெய்க், முப்பது வயதிருக்கும், விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

"பெரியவரே, அடைப்புக் கட்டைங்க லாரியிலயே இருக்கு. கிரேனுக்கு மதியம் வேற எடம். பதினொன்னு வரைக்கும் நிறுத்திப் பாக்குறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

"அவர் பொண்டாட்டி அங்க ஜன்னல்ல உக்காந்திருக்காய்யா" என்றாள் டாட்.

"தெரியுதும்மா."

பத்தேமுக்காலுக்குப் படகு நிமிர்ந்தது. நெவில் என்ஜினைப் போட்டார். பின்பக்கம் கருஞ்சேறு கொப்பளித்ததே தவிரப் படகு அசையவில்லை. டாட் கழியை ஊன்றித் தள்ளினாள். கிரெய்கின் ஆட்கள் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். நெவில் கழியை வாங்கித் தண்ணீரில் இறக்கி ஆழம் பார்த்தார். மிதக்க இன்னும் நாலு அங்குலம் வேண்டும்.

பதினொன்றே காலுக்குக் கிரெய்க் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். முதல் கட்டை இறங்கியது. சுற்றிப் போக வேறு கால்வாய் கிடையாது.

நெவில் மதியம் பஸ்ஸில் போனார். மேவிஸ் ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவர் உட்காரப் போனபோது கையால் தடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க. என் வீட்டுக்காரர் படகுல வந்துட்டிருக்கார். அது அவருக்கு."

"எப்ப வருவார்?"

"இன்னிக்குத்தான். குளிர்காலம் பூரா இங்கதான் நிக்கப்போறாராம்."

அவர் சுவரோரத்திலிருந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, காலி நாற்காலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மார்ச்சுக்கு இன்னும் நான்கு மாதம்.