கிள்ளான் வீட்டுப் பொத்தான் பவளம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் விடுதியைக் காலி செய்துவிட்டேன். அறைத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கதவுக்கு முட்டாக நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் இரவு படுத்தேன். நான் அப்படிப்பட்டவள். தூத்துக்குடியில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் வேலை எனக்கு. உள்ளே துணிதான் என்று சத்தியம் செய்பவரையும் நம்பாமல், பெட்டியைக் குலுக்கிப் பார்த்தே பழகிவிட்டது.

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து கிள்ளானுக்கு கொமூட்டர் ரயில். ஐந்து ரிங்கிட்டுக்குள் டிக்கெட், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. அதிலும் என் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பைக்குள் ஐந்தாறு உறை போட்டுக் கட்டிய சீலாக் கருவாடு. எதிரில் இருந்த மலாய்ப் பெண் ஒரு தடவை மூக்கைச் சுளித்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள். சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று நிலையங்கள் ஓடின. கட்டடங்கள் குறைந்து, செம்பனை மரங்களும் சேறு கலந்த ஆறும் தெரிந்தபோது கிள்ளான் வந்துவிட்டது.

நிலையத்தில் வசந்தி காத்திருந்தாள். என் சித்தப்பா மகள். கிள்ளானில் வாழ்க்கைப்பட்டு ஏழெட்டு வருடம் ஆகிறது. வீட்டுக்கு நான் வருவது இதுதான் முதல் தடவை. அவள் கணவன் ரகு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனுடைய அம்மா லெட்சுமியும் அவர்களோடுதான் இருக்கிறார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது ரகுவை அல்ல, தொட்டியை. கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டி. நீல விளக்கில் பவளங்கள் விரல் விரலாக, விசிறி விசிறியாக நின்றன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் அவற்றுக்கிடையே நுழைந்து நுழைந்து வந்தன. தண்ணீர் ஓடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"உப்புத் தண்ணி டேங்க் அக்கா. நாலு வருஷமா வளக்கறேன்," என்றான் ரகு. பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டினான்.

எனக்கு வேறு கணக்கு ஓடியது. எங்கள் ஊரில் பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது ஒரு துண்டைக் கையில் வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"இதெல்லாம் எந்தக் கடல்ல இருந்து எடுத்தது?"

"கடல்ல இருந்து இல்லக்கா. எல்லாம் ஃபார்ம்ல வளத்தது லா."

அந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டுச் சொன்னபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தான். பார்சல் கொண்டுவருபவர்கள் பொய் சொல்லும்போது பெட்டியைப் பார்ப்பார்கள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

தொட்டியின் மூலையில் ஒரு கல் முழுவதும் பழுப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்ன வட்டங்கள் மூடியிருந்தன. சட்டைப் பொத்தான் அளவு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிய குஞ்சம். அவையும் பவளத்தின் உறவு முறைதானாம். "இதுங்கதான் தொல்லை. மத்ததை எல்லாம் அமுக்கிட்டு வளருதுங்க. இன்னிக்கு இந்தக் கல்லை வெளிய எடுத்து க்ளீன் பண்ணணும்," என்றான். எனக்கென்னவோ தொட்டியிலேயே அழகானவை அவைதான் என்று தோன்றியது.

லெட்சுமி அம்மா என் பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து, ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது எப்ப காயப்போட்டதும்மா?"

"போன மாசம்தான்மா. எங்க தெருவுலயே காயப்போட்டது."

"ம்." அந்த "ம்"மில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மதியம் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். நால்வருமே சாப்பிட்டோம். ரகு மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டான்.

சாப்பிட்டதும் வசந்தி என்னைத் தெங்கு கிளானா சாலைக்கு அழைத்துப் போனாள். கிள்ளானின் லிட்டில் இந்தியா அதுதான். பூமாலைக் கடையும் பாத்திரக் கடையும் சேலைக் கடையுமாக, மதுரையின் ஒரு தெருவைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது. கடைக்காரர் பட்டு என்று சொன்னதை நான் நூல் பிரித்துப் பார்த்தேன். "அக்கா, மானத்த வாங்காத," என்று வசந்தி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மாலை ஐந்தரை இருக்கும், வீடு திரும்பினோம். கேட்டைத் திறக்கும்போதே உள்ளே இருமல் சத்தம். லெட்சுமி அம்மா சோபாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். ரகு தரையில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோலச் சிவந்திருந்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டான்.

"வாயெல்லாம் கசக்குது. இரும்ப நக்குன மாதிரி," என்றான்.

லெட்சுமி அம்மா போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "அந்தக் கருவாடுதான். நான் அப்பவே நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நானும்தானம்மா சாப்பிட்டேன். வசந்தியும் சாப்பிட்டா."

"நீங்க அங்கயே தின்னு பழகின வயிறு. எங்களுக்கு ஒத்துக்குமா?"

வசந்தி தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனாள். போன வேகத்தில் அவளும் இருமத் தொடங்கினாள். லெட்சுமி அம்மா கையை மட்டும் நீட்டி அவளைக் காட்டினார். பார்த்தாயா என்று அர்த்தம். அந்த நிமிடம் என் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கருவாடு போட்ட பக்கத்து வீட்டுக்காரி ஏதாவது மருந்து தெளித்திருப்பாளோ? எனக்கு மட்டும் ஏன் இன்னும் ஒன்றும் ஆகவில்லை?

மீதிக் குழம்பை முகர்ந்து பார்க்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். வாசலிலேயே ஒரு வாடை முகத்தில் அடித்தது. கருவாட்டு வாடை அல்ல. கடல் வற்றிய இடத்தில் வெயிலில் வெந்து கிடக்கும் பாசியின் வாடை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பாத்திரம் கழுவும் தொட்டியில் அந்தக் கல். மேலே கொதிநீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறான் ரகு. பொத்தான்கள் வெந்து கூழாகத் தொங்கின. பக்கத்தில் அண்டாவில் இன்னும் ஆவி.

ஜன்னல் ஓரக் கூண்டில் வசந்தி இரண்டு லவ்பேர்ட்ஸ் வளர்த்தாள். ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. இன்னொன்று அடியில் சாய்ந்து கிடந்தது.

பறவைக்கு யாரும் கருவாடு போடவில்லை.

என் தொண்டையும் அரிக்க ஆரம்பித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உயிரோடிருந்த பறவையைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். "எல்லாரும் வெளிய வாங்க! காத்துலதான் ஏதோ இருக்கு. அந்தக் கல்லுதான்!"

"என்னக்கா சொல்றீங்க? அது வெறும் பவளம் லா," என்றான் ரகு. சொல்லி முடிப்பதற்குள் இருமல் அவனைக் குனியவைத்தது. அவனை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் வசந்தியும் பிடித்துக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்தோம். லெட்சுமி அம்மா என் தோளில் கை போட மறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தார்.

கூண்டைக் கேட்டோரம் தொங்கவிட்டபோது, கைப்பேசியில் கூப்பிட்ட வாடகைக் கார் வந்தது. ஓட்டுநர் நம்மவர்தான். எங்கள் இருமலைக் கேட்டதும் கதவைத் திறக்கவே யோசித்தார். "அக்கா, கோவிட்டா? உண்மையச் சொல்லிருங்க."

"இல்லண்ணே, விஷக் காத்து. மூச்சு விட முடியல."

அவர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நாலு கண்ணாடியையும் இறக்கினார். வழியெல்லாம் பின்பார்வைக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடியே ஓட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தால் ஏற்றியிருக்கவே மாட்டேன்.

மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். "மதியம் என்ன சாப்பிட்டீங்க ஆன்டி?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு லெட்சுமி அம்மா, "கருவாடு" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

நான் கருவாட்டைப் பற்றிப் பேசவில்லை. கல்லைச் சொன்னேன், கொதிநீரைச் சொன்னேன், பறவையைச் சொன்னேன். ரகு தன் கைப்பேசியில் அந்தப் பொத்தான்களின் படத்தை எடுத்துக் கொடுத்தான். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு யாரிடமோ பேசப் போனார். திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது. செவிலியர்களிடம் மலாயில் விரைவாக ஏதோ சொல்லி, அவர்கள் மூன்று பேரையும் வார்டில் சேர்க்கச் சொன்னார்.

"இந்த வகை பவளத்துல சிலதுக்கு உடம்புலயே பயங்கர விஷம் இருக்கு. டேங்க்ல இருக்கறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது. சுடுதண்ணி ஊத்தினா ஆவியோட கெளம்பி நுரையீரலுக்குப் போயிடும். இதுக்கு முறிவு மருந்து கெடையாது. மூச்சைப் பாத்துக்கிட்டு இருக்கணும். இன்னும் கொஞ்ச நேரம் அந்த வீட்டுக்குள்ள இருந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

மூன்று பேரின் செருப்பையும் பொறுக்கிக்கொண்டு நான் அவர்கள் பின்னாலேயே வார்டுக்குப் போனேன்.

ஞாயிறு முழுவதும் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை ரகுவுக்கு ஆக்சிஜனை எடுத்தார்கள். செவ்வாயன்று மூவரும் வெளியே வந்தார்கள். அதற்குள் ரகுவின் தொட்டி நண்பர் ஒருவர் கண்ணாடியும் கையுறையும் வடிகட்டி வைத்த முகமூடியுமாகப் போய், சமையலறையைச் சுத்தம் செய்து, கல்லை உறைகளில் கட்டி எடுத்துவிட்டார். மீதிப் பவளங்களையும் மீன்களையும் அவரிடமே கொடுத்துவிடுவதாக ரகு முடிவு செய்தான்.

அவர் லாரியில் ஏற்றும்போது ரகு கேட்டருகே என்னோடு நின்றான். "அக்கா, அந்தக் கல்லு ஃபார்ம்ல வளத்தது இல்ல. தீவுப் பக்கம் கடல்ல இருந்து ஒருத்தன் பேத்துக்கிட்டு வந்தது. தெரிஞ்சேதான் வாங்கினேன்."

நான் நினைத்தது சரிதான். ஆனால் சொல்லிக் காட்டத் தோன்றவில்லை. கடைசி மீனையும் பையில் கட்டி ஏற்றியபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லெட்சுமி அம்மா என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நான் கிளம்பும் நாள் காலையில், வெறும் சுவராக நின்ற கூடத்தில் காப்பியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி ஓடற சத்தம் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கும்மா," என்றார். பிறகு, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்," என்றார்.

இருக்க முடியவில்லை. விடுப்பு முடிந்துவிட்டது.

ஊர் திரும்பிய வாரக் கடைசியில் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போனேன். கிள்ளானில் கடல் கண்ணில் படுவதே இல்லை. சேறும் துறைமுகமும் மறைத்துக்கொள்ளும். எங்களுக்கு அது தெருக் கோடியிலேயே கிடக்கிறது. சிறு வயதிலிருந்து கையை விட்டுத் துழாவி, சங்கும் சிப்பியும் பொறுக்கிய தண்ணீர். உலகத்தில் நான் குலுக்கிப் பார்க்காமல் நம்பிய ஒன்று உண்டென்றால் அது இந்தக் கடல்தான்.

அலை இறங்கியிருந்தது. கரையோரக் கல்லில் பழுப்பாக எதுவோ ஒட்டியிருந்தது. பாசியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வழக்கம்போல் குனிந்து தொடப் போனவள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது பாட்டுக்கு அங்கே இருந்தது. அலை வந்து அதை மூடும்வரை, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.