ஜெயபுஷ்பத்துக்கு வந்த ரிசல்ட்

தைத்து வந்த ஷூவின் மேல்தோலை மடியில் கவிழ்த்து, தையல் ஓடிய வழியே கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார் ஜெயபுஷ்பம். நகம் எங்கேயாவது இடறினால் போதும், தைத்தவளைத் தேடிப் போய்விடுவார். திட்டமாட்டார். கொஞ்ச நேரம் அவள் கையையே பார்ப்பார். பிறகு, "முழங்கைய இறக்குடி" என்பார். அவ்வளவுதான்.

வயது நாற்பத்துமூன்று. பேரணாம்பட்டிலிருந்து ஆறே முக்கால் பஸ்ஸில் ஆம்பூருக்கு வருகிறார். எங்கள் ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங் மேஜைதான். யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டார். ஒருத்தி 'அவசரக் கை', இன்னொருத்தி 'பயந்த கை'. ஆபீசில் கடிதம் அடிக்கும் நான் 'காகிதக் கை'. இரண்டு முறை சூப்பர்வைசர் பதவி காலியானபோதும் குரல் பெரிதாக இருந்தவர்களுக்கே போனது. அவருக்கு அதில் வருத்தமில்லை. "நமக்கு வாய் கம்மி" என்று விட்டுவிட்டார்.

போன ஜூனில் கம்பெனி எல்லோருக்கும் ஒரு தேர்வு வைத்தது. உங்கள் சுபாவம் என்ன, உங்கள் பலம் எது என்று கண்டுபிடிக்கும் தேர்வாம். கேன்டீனில் உட்கார்ந்து, டேப்லெட்டில் தமிழில் வரும் அறுபது கேள்விகளுக்குப் பதில் தொடவேண்டும். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். ஜெயபுஷ்பத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. 'மற்றவர்களின் தவறு எனக்கு எரிச்சல் தரும்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். தேர்வை நடத்திய மனிதவளப் பிரிவு அதிகாரி சௌமியாவிடம் எழுந்து போய், "தெரிஞ்சி செஞ்ச தப்பா, தெரியாம செஞ்ச தப்பா மேடம்?" என்று கேட்டார்.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது. அவர் தாளில் முதல் வரியே 'பிறரை வளர்த்தெடுப்பவர்' என்றிருந்தது. அதைச் சௌமியாவிடமே திருப்பிக் கொண்டுபோனார்.

"வேற யாரோடதோ மாறி வந்துட்டுது மேடம். நான் தப்பு புடிக்கறவ."

சௌமியா வாதாடவில்லை. நீங்கள் தப்புப் பிடித்த பெண்களெல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். ஜெயபுஷ்பம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒருத்தி ராணிப்பேட்டையில் சூப்பர்வைசர். இன்னொருத்தி வாலாஜாவில் சொந்தமாகத் தையல்கடை வைத்திருக்கிறாள். பத்து விரலும் தீர்ந்து மறுபடி முதல் விரலுக்கே வந்துவிட்டார். தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அதை எடுத்து இரண்டு முறை படித்ததை நான் பார்த்தேன்.

அந்த மாதமே ஒரு சங்கடம் வந்தது. புது ஆர்டருக்கு நெருக்கமான இரட்டைத் தையல் வேண்டும். புதிதாகச் சேர்ந்த எட்டுப் பெண்கள் தைத்ததில் பாதி கழிவானது. எட்டுப் பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட முடிவு செய்தார் புரொடக்ஷன் மேனேஜர் அமீர் பாஷா. கடிதங்களை அடித்ததே நான்தான். கையெழுத்துக்காக அவர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். கூப்பிடாமல் அந்த அறைக்குள் ஒருநாளும் வந்திராத ஜெயபுஷ்பம் உள்ளே வந்து, மடித்த தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். எட்டுப் பேரையும் மூன்று வாரம் தன்னிடம் விடச் சொன்னார்.

"செக்கிங்ல இருக்கறவங்களுக்கு டீச்சர் வேலை இன்னாத்துக்கும்மா?" என்றார் அமீர் பாஷா.

"பத்தொம்பது வருஷமா அந்த வேலைதான் சார் செஞ்சிகினு இருந்திருக்கேன். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது." குரல் உயரவில்லை. "அதுங்க எட்டும் பயந்த கை. சோம்பேறிக் கை ஒண்ணுகூட இல்ல."

மேனேஜர் தாளைப் படித்தார். இரண்டு வாரம் கொடுத்தார்.

குடோனை ஒட்டிய காலி அறையில் ஒன்பது மெஷின் போட்டார்கள், ஒன்று ஜெயபுஷ்பத்துக்கு. முதல் மூன்று நாள் தோலும் இல்லை, நூலும் இல்லை. கோடு போட்ட காகிதத்தின்மேல் வெறும் ஊசியை ஓட்டவேண்டும். யாராவது பின்னால் நின்றாலே ஆஃப்ரீன் என்ற பெண்ணின் ஊசி கோடு தாண்டிவிடும். அவளுக்காக ஜெயபுஷ்பம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, தானே கோணலாகத் தைத்துக் காட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பத்தாம் நாள் ஆஃப்ரீனின் இரட்டைத் தையல் தண்டவாளம்போல ஓடியது.

பதினைந்தாம் நாள், ஆர்டர் கொடுத்தவர்களின் இன்ஸ்பெக்டர் வந்தார். எட்டுப் பேரும் தைத்த குவியலிலிருந்து நாற்பது ஜோடியைத் தானே பொறுக்கி எடுத்தார். ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. அறைக்குள் விசிலும் கைதட்டலும் கேட்டன. கையெழுத்தாகாத எட்டுக் கடிதங்களையும் நானே கிழித்துப் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் காகிதம் கிழித்ததில்லை.

இப்போது அந்த அறை வாசலில் 'பயிற்சிப் பிரிவு' என்று பலகை இருக்கிறது. கீழே பொறுப்பாளர் என்று ஜெயபுஷ்பத்தின் பெயர். போன வாரம் அமீர் பாஷா வெளியூர் விருந்தாளிகளை உள்ளே அழைத்துவந்து, ஜன்னலோரம் நின்று பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் நிழல் ஒரு புதுப்பெண்ணின் ஊசிமேல் விழுந்தது. அவள் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்திருந்த ஜெயபுஷ்பம், திரும்பிக்கூடப் பார்க்காமல், மறு கையால் மேனேஜரின் முழங்கையைத் தொட்டு மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டார்.