முள் நின்ற இடம்

ஒரு வெளிநாட்டு அரசு நடத்தும் தமிழ் வானொலிக்காக, சென்னையில் அதைக் கேட்கிற நேயர்களைப் படமெடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. தி. நகரில் ஒரு துணிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தவர் அவர்களில் ஒருவர். தினமும் மாலை சிற்றலையில் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, ஒலி எவ்வளவு தெளிவாக வந்தது என்று அவர்களுக்கு எழுதிப் போடுவார். அந்த நிலையம் கிடைக்கும் இடத்தில், ரேடியோவின் கண்ணாடி மேல் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

அவர் சட்டை மாற்றப் போன நேரத்தில், பார்க்க அழுக்கு போல இருக்கிறதே என்று அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டேன். ரேடியோவில் நிலையம் காட்டும் முள்ளையும் நடுவுக்குத் தள்ளினேன். படத்துக்கு அதுதான் எடுப்பாக இருந்தது.

மயிலாப்பூரில் கண்காட்சி வைத்தார்கள். நிலையத்திலிருந்து வந்த அதிகாரிகள் இருவர் அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். தேய்த்த சட்டையில் வந்த தையல்காரர், படத்தில் தன் முகத்தைப் பார்க்கவில்லை. ரேடியோவைத்தான் பார்த்தார்.

"இன்னா சார், முள்ள நவுத்திட்டீங்களா? இப்ப அது நிக்கிற எடம் வேற நாட்டு ஸ்டேஷன். இந்த ஆபீசருங்க நாட்ட தெனமும் திட்டிக்கினு கீறவங்க."

தப்பு என்னுடையது, அதிகாரிகளிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் அவர்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வேணாம் சார். அவங்க ஸ்டேஷன் எங்க வரும்னு அவங்களுக்கே தெரில. நான் மட்டுந்தான் கேக்குறேன் போல."