அக்கா பள்ளிக்குக் கொண்டுவந்த கடலை வண்டி

எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, என்னையும் எனக்குப் பின் பிறந்த தங்கையையும் இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் அவர் கையால் ஒரு டம்ளர் மோராவது குடித்தவர்களாகத்தான் இருப்பீர்கள். சர்க்கார் ஆபீசில் பேனா பிடித்தவன் என்பதற்காக இந்தக் கட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆபீசில் நான் எழுதியதெல்லாம் ‘மேற்படி மனு பரிசீலனையில் உள்ளது’ என்பதுதான். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது மீனாட்சிபுரத்துக்குக் கிழக்கே, இன்றைய தமிழ்நாடு - கேரள எல்லையை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீட்டில். பெயர்தான் தோட்டம். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன் என்று இருந்த மேட்டுக்காடு. அக்காவுக்கு அடுத்துப் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஆறு வருஷம் கழித்து நான் பிறந்தேன். அம்மாவும் அப்பாவும் விடிந்தது முதல் காட்டில் நிற்பார்கள். என்னைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. அதனால் அக்கா பள்ளிக்கூடம் போனதும் என்னைத் தூக்கிக்கொண்டுதான்.

இதெல்லாம் எனக்கு நினைவில்லை. நான் அப்போது மூக்கொழுகிக் கொண்டிருந்த பிள்ளை. சென்ற ஆண்டு துக்கம் கேட்க வந்த அக்காவின் வகுப்புத் தோழர்கள் பொன்னுசாமி அண்ணனும் சரசக்காவும் மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்து, அழுது, பிறகு சிரித்து, சண்டை போட்டுச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் என்பது நீளமான ஓர் ஓட்டுக் கொட்டகை. நடுவில் பனையோலைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாள வகுப்பு, இந்தப் பக்கம் தமிழ் வகுப்பு. இந்தப் பக்கம் வாத்தியார் எட்டாம் வாய்ப்பாடு கேட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளத்தில் பதில் சொல்லுமாம். தமிழ்ப் பக்கத்துக்கு ஒரே ஆசிரியர். ஊரார் அவரை ராவுத்தர் வாத்தியார் என்பார்கள். பாலக்காட்டில் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை இருந்தும், கடையில் உட்காராமல் எங்கள் ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கிப் பாடம் சொன்னவர். கைக்குழந்தையோடு அக்கா முதல் நாள் வாசலில் நின்றபோது அவர் சொன்னதைச் சரசக்கா அப்படியே சொல்லிக் காட்டினார்.

“உள்ள வாம்மா. அவன் அழுதா வெளிய கொண்டு போ. நீ அழுதா மட்டும் என்கிட்ட சொல்லு.”

நான் அழுதால் அக்கா வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். வாத்தியார் பலகையைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்து, அக்காவுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தாக எழுதுவாராம். மூன்றாம் வகுப்பு வரை அக்காவின் படிப்பில் பாதி மரத்தடியில் நடந்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்து டீச்சருக்கு இது பிடிக்காது. அவர் கெட்டவர் அல்ல, சட்டம் பார்ப்பவர். கைக்குழந்தையைப் பள்ளிக்குள் விடுவதற்குச் சட்டம் இல்லை அல்லவா.

மாநிலம் பிரிந்து நாங்கள் கேரளம் ஆன மறு வருஷம் ஒரு பேச்சு வந்தது. தமிழ்ப் பக்கத்தில் பிள்ளைகள் போதாது, இன்ஸ்பெக்டர் வந்து தலை எண்ணிப் பார்ப்பார், குறைந்தால் தட்டியை எடுத்துவிட்டு எல்லோரையும் மலையாள வகுப்பில் சேர்த்துவிடுவார் என்று. ஊருக்கு அது மொழிக் கவலை. அக்காவுக்கு வேறு கவலை. தட்டி போனால் ராவுத்தர் வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார். டீச்சர் என்னை உள்ளே விடமாட்டார். நான் போகாவிட்டால் அக்காவும் போக முடியாது. அவருடைய படிப்பு அன்றோடு முடிந்துவிடும்.

இன்ஸ்பெக்டரும் வந்தார். வந்தது கடலை பிடுங்கும் பருவத்தில். பெரியவர்கள் செடி பிடுங்கினால், பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்வார்கள். வானம் கருத்துக்கொண்டு நின்றது. அந்த நாளில் எந்த வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார்கள்? தமிழ்ப் பக்கத்தில் இருந்தது அக்காவையும் சேர்த்து ஒரு கை விரல்களுக்குள்தான்.

ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு உடனே யோசனை உதித்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த வாண்டுகளையெல்லாம் தூக்கிவந்து முன் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்துவிட்டார். சட்டை போடாதது, விரல் சூப்புவது, பல் முளைக்காதது எல்லாம் ஒன்றாம் வகுப்பு. நானும் அதில் ஒருவன். வாத்தியார் வேண்டாம் என்றாராம். யார் கேட்டார்கள்?

அப்போதெல்லாம் வயதுக்குச் சான்றிதழ் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. இன்ஸ்பெக்டர் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. பெஞ்சைப் பார்த்ததும் மீசைக்குள் சிரித்தபடி, ஒவ்வொருவரையும் காதைத் தொடச் சொன்னார். ஒரு கையும் உச்சந்தலையைத் தாண்டவில்லை. என் முறை வந்தபோது அக்கா பின்னாலிருந்து என் காதைப் பிடித்து மேலே இழுத்து விரலோடு சேர்க்கப் பார்த்தார். நான் ஊரே கேட்கும்படி அலறினேன்.

“மோளே, இந்தக் குட்டிக்கு எத்ர வயசாயி?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அக்கா வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார். அதைக் கண்டதும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“மூணரைங்க. இதுல ஒண்ணுக்கும் அஞ்சு ஆகலீங்க. வாத்தியார் மேல தப்பில்லீங்க, பெரியவங்க கொண்டாந்து வெச்சுட்டாங்க.”

“அப்ப நிஜக் குட்டிகள் எவிடே?”

“கடலைக் காட்டுலீங்க. மழ வந்துட்டா காயெல்லாம் மொளச்சுப் போயிருமுங்க. அதனாலதான் வரலீங்க.”

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். நாலு மணிக்குத்தான் தனக்கு பஸ், அதுவரை இருப்பேன் என்றார். அக்கா என்னைத் தூக்கி வாத்தியார் மடியில் வைத்துவிட்டு ஓடினாராம். ‘காலு தரையில படல’ என்கிறார் சரசக்கா.

அன்று ஊர்ப் பிள்ளைகள் எங்கள் காட்டில்தான் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா அப்பாவிடம் போய் நின்று அவர்களை அனுப்பக் கேட்டார். அப்பா நிமிர்ந்து வானத்தைக் காட்டினார்.

“மானத்தப் பாத்தியா அம்முணி? இன்னிக்கு ஒருத்தனும் காயை உட்டுட்டு வரமாட்டான்.”

“காயை உடவேண்டாமுங்கப்பா. செடியோட வண்டில ஏத்துங்க. இங்க ஒக்காந்து ஆஞ்சா என்னங்க, பள்ளிக்கோடத்துல ஒக்காந்து ஆஞ்சா என்னங்க? அங்க ஓடு போட்ருக்குது, மழ வந்தாலும் நனையாது.”

பிறகு நடந்ததில்தான் சாட்சிகளுக்குள் தகராறு. “ரெண்டு வண்டிங்க. உங்கப்பன் வண்டி முன்னால, எங்கூட்டு வண்டி பொறத்தால” என்றார் பொன்னுசாமி அண்ணன். “ஒரே வண்டிதான். இவரு செடிக்கு மேல ஏறி மல்லாந்துட்டு வந்தாரு, இவருக்கு எல்லாமே ரெண்டாத் தெரிஞ்சிருக்கும்” என்றார் சரசக்கா. எத்தனை வண்டியோ, கொட்டகைக்குள் கூரை முட்டக் கடலைச் செடி குவிந்தது. சுற்றிலும் தமிழ்ப் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் மண் கையோடு உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். வாத்தியார் அந்தக் காயை வைத்தே கூட்டலும் கழித்தலும் நடத்தினார். கழித்த காயைப் பிள்ளைகள் தின்றுவிட்டன. தட்டிக்கு அந்தப் பக்கத்து டீச்சர் தன் பிள்ளைகளையும் உதவிக்கு அனுப்பினார். அதற்கும் சட்டம் இல்லை.

இன்ஸ்பெக்டர் குவியலைச் சுற்றி நடந்து தலை எண்ணினார். வாண்டுகளை விட்டுவிட்டுத்தான் எண்ணினார். எண்ணி முடித்து, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் ஒரு செடியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். தமிழ் வகுப்பு தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் செம்மண் விரல் ரேகை இருந்ததாகப் பொன்னுசாமி அண்ணன் சத்தியம் செய்கிறார். மழை சாயங்காலம் வந்தது. ஒரு காய்கூட முளைக்கவில்லை.

என் வயதுக்காரர்கள் எல்லோரும் பள்ளியில் சேர்க்கும்போது கூட்டிப் போட்ட வயதால் முன்கூட்டியே ரிட்டயர் ஆனார்கள். சான்றிதழில் சரியான வயது உள்ளவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். அக்கா வாயைத் திறந்ததால் வந்த லாபம்.

அக்கா ஐந்தாம் வகுப்பு வரை அங்கே படித்தார். மேலே படிக்க ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று அப்பா நிறுத்திவிட்டார். பத்தொன்பது வயதில் பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டார். மாடு வைத்துப் பால் ஊற்றி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மாமா சின்ன வயதிலேயே தவறியபோதும் யாரிடமும் போய் நின்றதில்லை. அந்த ஊரில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட பெண் பிள்ளைகளைக் கண்டால் மட்டும் விடமாட்டார். “அதைய இங்க உட்டுட்டு நீ போ கண்ணு. எம்பட கன்னுக்குட்டிகளோட இதுவும் கெடக்கட்டும்” என்று வாங்கிக்கொள்வார். காலையில் அவர் வீட்டு வாசலில் எப்போதும் நாலு தொட்டில் ஆடும். அப்படிப் படித்த பெண்கள் இறுதி நாளில் வந்து நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். எங்களுக்கே பாதிப் பேரைத் தெரியாது.

அக்காவின் கடைசி ஒரு மாதம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கழிந்தது. இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், எங்கள் வீட்டு மாடுகளைத் தங்கள் மாடுகளாகப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், தள்ளாத வயதில் பஸ் ஏறி வந்து அக்காவின் பிள்ளைப் பிராயத்தை எங்களுக்குத் திருப்பித் தந்த பள்ளித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இன்றும் நடக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் காலேஜ் வரை படித்தவன், அக்கா ஐந்தாம் வகுப்பு. அவர் இடுப்பில் நான் பாரமாக இருந்தேன் என்ற எண்ணம் என்னை வாழ்நாள் முழுவதும் அரித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது அதைச் சொல்லிவிட்டேன். “நான் பொறக்காம இருந்திருந்தா நீ நல்லாப் படிச்சிருப்பேக்கா.”

அக்கா கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்.

“அட கிறுக்கா. நீ பொறக்கறக்கு முந்தி எனக்கு எருமை மேய்க்கற வேலை. எருமையப் பத்திட்டுப் பள்ளிக்கோடம் போக முடியுமா? நீ பொறந்த பொறவுதான் அப்பன் எருமைய வேற ஆளுகிட்ட உட்டுட்டு, பையனப் பாத்துக்கன்னு என்கிட்டச் சொன்னாரு. எங்க வெச்சுப் பாத்துக்கோணும்னு அவரு சொல்லலையே சாமி.”