லாத்தாவின் பெயரில் பன்னிரண்டு வருடங்கள்

கத்தானியாவில் நான் வேலை செய்த வீட்டுக்குக் கீழே ஒரு ஃபர்மாச்சியா இருந்தது. மருந்துக்கடையை இத்தாலியில் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நாள் தொண்டை நோவுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். எனது சுகாதார அட்டையை வாங்கிக் கணினியில் பதிந்த மருந்தாளர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, "ஔகூரி, ஃபௌட்சியா" என்றார். வாழ்த்துகள் என்று பொருள். எதற்கு வாழ்த்து என்று எனக்கு விளங்கவில்லை. அட்டையைப் பார்த்தால் முப்பத்தைந்து வயது, முகத்தைப் பார்த்தால் முப்பதுகூட மதிக்க முடியாது என்று அவர் தொடர்ந்தார். மனிதர் அன்பாகத்தான் சொன்னார். நானோ, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அட்டையை மட்டும் பறிப்பது போல எடுத்துக்கொண்டு, மருந்தை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அடுத்த தெருமுனை வரை நடந்த பிறகுதான் அன்று என்ன நாள் என்பது நினைவுக்கு வந்தது. அன்று என் லாத்தாவின் பிறந்தநாள்.

பௌசியா என் லாத்தா, அதாவது மூத்த சகோதரி. என் பெயர் றிஸ்வானா. இந்த இரண்டு வசனங்களையும் ஒரு தாளில் எழுத எனக்குப் பன்னிரண்டு வருடங்கள் எடுத்திருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களில் எத்தனை பேர் இன்னொருவருடைய பெயரில் சம்பளம் வாங்கி, இன்னொருவருடைய பெயரில் வைத்தியசாலையில் படுத்து எழும்புகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவராவது இதை வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்கள் ஆட்களை வெளியேற்றியபோது லாத்தாவுக்கு இரண்டு வயது. உம்மா அவளை இடுப்பிலும், அவளுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி உடுப்புக்குள்ளேயும் வைத்துக்கொண்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தார். மூன்று வருடங்களுக்குப் பிறகு அகதி முகாமில் நான் பிறந்தேன். பின்னர் கண்டக்குழியில் ஒரு துண்டு நிலத்தில் குடியேறினோம். வாப்பா மற்றவர்களுடைய படகில் கடலுக்குப் போனார். போர் முடிந்து இரண்டு வருடங்களில் அவருடைய வலது கை இயந்திரத்தில் சிக்கிப் பாழானது. வீட்டில் யாராவது உழைத்தாக வேண்டும். குவைத்தில் வீட்டுவேலைக்குப் போக நான் தயாராக இருந்தேன். ஆனால் சட்டப்படி எனக்கு வயது போதாது. லாத்தாவுக்கு வயது இருந்தது, கலியாணமும் நிச்சயமாகியிருந்தது. ஊருக்கு வந்த முகவர் ஒருவர்தான் வழி சொன்னார். லாத்தாவுக்கு அதுவரை அடையாள அட்டை எடுத்திருக்கவில்லை. அவளுடைய பத்திரத்தைக் கொடுத்து, என் படத்தை ஒட்டி, அவளுடைய பெயரில் அட்டையும் பிறகு கடவுச்சீட்டும் எடுக்கலாம் என்றார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். லாத்தாதான் அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"என்ட பேரக் கொண்டு போ. வீட்டுக்குள்ள இருக்கிற எனக்கு என்னத்துக்கு அது?" என்றாள்.

அவள் சொன்னபடியே இருந்தாள். அட்டை இல்லாததால் வாக்குப் போடவில்லை, வங்கிக்குப் போகவில்லை, அவளுடைய கணவரான மச்சான் கூட வராமல் கொழும்புப் பக்கம் போகவில்லை. நானோ அவளுடைய பெயரோடு உலகம் சுற்றினேன். நான்கு வருடம் குவைத். அங்கிருந்து, சிலாபத்துக்காரப் பெண் ஒருத்தியின் உதவியால் இத்தாலிக்கு வேலை விசா. சொஜ்ஜோர்னோ எனப்படும் வதிவிட அனுமதியும் அங்கே கிடைத்தது. ஒவ்வொரு விமான நிலையத்திலும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் படத்தைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். முத்திரை விழும் வரைக்கும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். பிறந்த திகதியை யாராவது கேட்டால் பிழையாகச் சொல்லிவிடாமல் இருக்க, விமானத்தில் நித்திரை கொள்ளாமல் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வருவேன்.

லாத்தாவுக்கு ஒரே மகள், அஸ்மா. ஏழு வயது. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது மச்சான் டெங்குக் காய்ச்சலில் மௌத்தானார். போன வருடம் பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை உதடு நீலம் பாரித்து விழுந்தது. இருதயத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்திருக்கிறது. கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நீண்ட வரிசை. ஒரு நற்பணி அமைப்பு சென்னையில் ஒரு வைத்தியசாலையை ஒழுங்குபண்ணிக் கொடுத்தது. பிள்ளையின் தாயோ தகப்பனோ கூட வரவேண்டும், பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர் கடவுச்சீட்டிலும் இருக்கவேண்டும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அஸ்மாவின் பத்திரத்தில் தாயின் பெயர் பௌசியா. பௌசியாவின் கடவுச்சீட்டு கத்தானியாவில் என் கைப்பைக்குள் இருந்தது.

உம்மாதான் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக அழுகிற உம்மா அன்று அழவில்லை.

"கடதாசியில அவளுக்கு உம்மா நீதானே," என்றார். "நீ வந்து கூட்டிக்கிட்டுப் போ."

எவ்வளவு இலேசான வழி. எல்லாக் கடதாசியும் ஏற்கெனவே ஒத்துப்போயிருந்தது. நான் கத்தானியாவில் பராமரித்துவந்த வயதான சின்யோராவை வேறொரு பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்தேன்.

கண்டக்குழிக் கடற்கரையில் அது வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற காலம். வானம் முழுக்க நிறம் நிறமாகப் பட்டங்கள். எங்கள் வீட்டுக்குள்ளோ வேறு ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது. லாத்தா தன் மகளை முன்னால் இருத்தி, என்னைக் காட்டி, இது யார் என்று கேட்பாள். சாச்சி, அதாவது சித்தி, என்று சொன்னால் இல்லை என்று தலையை ஆட்டி, திரும்பவும் கேட்பாள். உம்மா என்று சொன்னால் தலையைத் தடவிவிடுவாள். சில நாட்களில் பிள்ளை பழகிவிட்டது. சோறு வேணும் உம்மா, கடலுக்குப் போவோம் உம்மா என்று என்னைச் சுற்றி வந்தது. லாத்தா குசினிக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவுவாள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவுவதை நான் கண்டேன்.

அஸ்மாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்க மூவரும் விடியவே வேனில் கொழும்புக்குப் புறப்பட்டோம். நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கியைத் தாண்டும்போது லாத்தா கடைசியாக ஒரு தடவை பிள்ளைக்குப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தாள். காரியாலயத்துக்குள் நானும் அஸ்மாவும் போனோம். லாத்தா வெளியே மரநிழலில் போட்டிருந்த வாங்கில் இருந்தாள். உள்ளே போகத்தான் அவளிடம் அட்டை இல்லையே.

கருமபீடத்தில் இருந்த அதிகாரி ஒரு பெண். நடுத்தர வயது, சிங்களவர், ஓரளவு தமிழ் பேசினார். பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வைத்தியரின் கடிதத்தைப் பார்த்ததும் முகம் இளகி, பிள்ளையிடம் குனிந்து, "இது யாரு?" என்று கேட்டார்.

"உம்மா," என்றாள் அஸ்மா. ஒரு நொடி தாமதிக்கவில்லை.

அவர் சிரித்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வரச்சொல்லி இலக்கத் துண்டைத் தந்தார். முடிந்துவிட்டது, வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். லாத்தா எழுந்து எங்களை நோக்கி வந்தாள். வெயிலில் அஸ்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவள் லாத்தாவின் கையிலிருந்த போத்தலைக் காட்டினாள்.

"சாச்சி, தண்ணி தாங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. சுற்றிவர நின்ற காக்கி உடுப்புக்காரர்களைப் பார்த்துப் பயந்து, படித்த பாடத்தை அப்படியே ஒப்புவித்தாள். லாத்தா போத்தலைத் திறந்து அவளுக்குப் பருக்கினாள். சிந்திய தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். பிறகு வாங்கில் இருந்துகொண்டு தன் இரண்டு கைகளையும் பார்த்தபடியே இருந்தாள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். சென்னையில் சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும்போது இந்தப் பிள்ளை யாருடைய கையைப் பிடித்திருக்கும்? ஏதும் நடந்துவிட்டால் மையித்தைப் பொறுப்பெடுக்கத் தாய் என்று கையொப்பம் வைப்பது நான். பெற்றவள் கண்டக்குழியில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும், பிள்ளை கண் விழித்துத் தேடும் முகம் அங்கே இருக்காது.

உள்ளே போய் உண்மையைச் சொல்லவா என்று லாத்தாவிடம் கேட்டேன். சொன்னால் நாள் பிந்தும், பிள்ளைக்கு அது ஆபத்து, எனக்கு வழக்கு வரும் என்பதையும் சொன்னேன். இத்தாலிக்குத் திரும்ப முடியாது என்பதை நான் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும். அவள் போத்தல் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அவளோட நான்தான் போகோணும்," என்றாள் கடைசியில். "என்ட பேர எனக்குத் தா, றிஸ்வானா."

கருமபீடத்தில் கடவுச்சீட்டை வைத்து, இந்தப் பௌசியா நானில்லை, அவள் வெளியே மரத்தடியில் இருக்கிறாள் என்று சொன்னேன். அந்தப் பெண் முதலில் விளங்காமல், பெயர் மாற்றம் செய்வது வேறு பிரிவில் என்றார். இரண்டாம் முறை சொன்னபோது அவருடைய முகத்திலிருந்த இளக்கம் எல்லாம் போய்விட்டது. எங்களை உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். நாலு மணித்தியாலம். லாத்தாவை ஒரு மேசையிலும் என்னைச் சற்றுத் தள்ளி இன்னொரு மேசையிலும் வைத்து விசாரித்தார்கள். பன்னிரண்டு வருடக் கதையைச் சொல்லிச் சொல்லி என் நாக்கு வறண்டது. வேறு ஒரு நோக்கத்துக்காகப் பிள்ளையைக் கடத்துகிறீர்களா என்றுகூட ஓர் அதிகாரி கேட்டார். இரண்டு பேரில் யார் தாய் என்பதையே இப்போது நம்பமுடியாது என்றார்.

கடைசியாக அந்தப் பெண் அதிகாரி அஸ்மாவை நடுவில் நிறுத்தி, காலையில் கேட்ட கேள்வியைத் திரும்பவும் கேட்டார். பயப்படாமல் உண்மையைச் சொல்லச் சொன்னார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. எதைச் சொல்லலாம் என்று கேட்பது போல லாத்தாவையே பார்த்துக்கொண்டு நின்றது. உதடு மெல்ல நீலமாகத் தொடங்கியது. லாத்தா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"சரி, சொல்ல வேணாம்," என்றார் அதிகாரி. பேனையை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அன்றைக்கே என் கடவுச்சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பொலிஸ், நீதவான் நீதிமன்றம், பிணை. நானே முன்வந்து சொன்னதாலும் பிள்ளையின் நிலையாலும் அபராதமும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் மட்டும் கிடைத்தன. லாத்தா தான்தான் பௌசியா என்பதை நிரூபிக்க உம்மாவும், அஸ்மாவின் பிரசவம் பார்த்த மருத்துவமாதுவும், பள்ளிவாசல் நிர்வாகமும் கடிதம் கொடுத்தார்கள். இரண்டரை மாதங்கள் எடுத்தன. அந்த நாட்களில் அஸ்மா இருமினால்கூட உம்மாவும் லாத்தாவும் நானும் எழும்பி ஓடுவோம். நான் செய்தது சரியா என்று ஒவ்வொரு இருமலுக்கும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு தடவை வைத்தியசாலையில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். அந்த நான்கு நாளும் உம்மா என்னோடு கதைக்கவில்லை.

எனக்கும் என் சொந்தப் பெயரில் அடையாள அட்டை வேண்டியிருந்தது. அதற்காகக் கிராம சேவகரிடம் போனேன். முப்பது வயதுவரை அட்டை எடுக்காத பெண் என்று விண்ணப்பத்தில் என்னை எழுதினார். எந்தக் காலம் முதல் இங்கே வசிக்கிறேன் என்று ஒரு கேள்வி இருந்தது. குவைத்தையும் இத்தாலியையும் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெளிநாட்டில இருந்தது பௌசியா," என்றார். "றிஸ்வானா இந்த ஊர விட்டுப் போனதா ஒரு பதிவும் இல்லையே, தங்கச்சி."

பிறந்தது முதல் இப்பிரிவில் தொடர்ச்சியாக வசித்து வருகிறார் என்று எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை குத்தினார். அட்டை கிடைக்கும் வரைக்கும் அந்தக் கடிதம்தான் என் அடையாளம்.

லாத்தாவையும் அஸ்மாவையும் கட்டுநாயக்காவில் வழியனுப்ப நான்தான் போனேன். லாத்தா வாழ்க்கையில் விமானநிலையத்தைக் கண்டதில்லை. புதுக் கடவுச்சீட்டைக் குர்ஆனைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். படம் இருக்கிற பக்கத்தைத் திறந்து கொடுக்கவேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் உங்களுடையதுதான் என்றும் சொன்னேன். என்னை இறுக்கி அணைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பயணிகள் அல்லாதவர்களை நிறுத்தும் கம்பிக்கு இந்தப் பக்கம் நான் முதன்முதலாக நின்றேன். அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் நின்றேன்.

எட்டாம் நாள் லாத்தா சென்னையிலிருந்து படம் அனுப்பினாள். அஸ்மா கட்டிலில் சாய்ந்து இருக்கிறாள். நெஞ்சில் கட்டு. உதடு சிவப்பாக இருக்கிறது. உம்மா அதைப் பார்த்துவிட்டு நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தார். எழும்பி வந்து, சாப்பிட்டாயா என்று என்னிடம் கேட்டார்.

இப்போது நான் கண்டக்குழியில் ஒரு சுற்றுலா விடுதியில் சமையலுக்கு உதவி செய்கிறேன். போன கிழமை ஓர் இத்தாலியத் தம்பதி வந்தார்கள். மீனில் முள் இருக்குமா என்று அவர்கள் தங்களுக்குள் கதைத்ததைக் கேட்டு, இருக்கும், கவனமாகச் சாப்பிடுங்கள் என்று அவர்களுடைய மொழியிலேயே சொன்னேன். அந்த மனிதர் கரண்டியை வைத்துவிட்டு வியந்து பார்த்தார். கதைக்கும் விதம் அப்படியே கத்தானியாக்காரர் போல இருக்கிறதே, அங்கே இருந்தாயா என்று கேட்டார்.

விடுதி முதலாளி பக்கத்தில் நின்றார். வேலைக்குச் சேர்ந்த அன்று கிராம சேவகரின் கடிதத்தைத்தான் அவரிடம் கொடுத்திருந்தேன். பிறந்தது முதல் தொடர்ச்சியாக. முதலாளிக்கு இத்தாலி மொழி தெரியாது. ஆனாலும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸீ," என்று தலையை ஆட்டினேன், "ஏழு வருடம்." என் பெயரைக் கேட்டார்கள். றிஸ்வானா என்று சொன்னேன். அந்த நகரத்தில் என்னை அந்தப் பெயரால் அறிந்தவர் ஒருவரும் இல்லை. அவர்கள் அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்கள். 'றி' அவர்களுடைய நாக்கில் உருண்டு உருண்டு வந்தது. நான் பக்கத்து மேசையின் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.