அரைத் தாளம் பின்னால்

இது ராயபுரத்தில் நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. பதினேழு பிள்ளைகளும் ஒரு போட்டோக்காரரும் அங்கே இருந்தார்கள். யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். யசோதராவையே கேட்கலாம். அவள் இன்னமும் அதே மாடியில்தான் பரதம் சொல்லித்தருகிறாள்.

வியாசர்பாடிக்காரி. இதற்கு முன் இரண்டு இடங்களில் வகுப்பு நடத்தினாள். ஒன்றில் சத்தம் என்றார்கள். இன்னொன்றில், உங்கள் பசங்களுக்கு எதற்குப் பரதநாட்டியம் என்று சிரித்தபடி கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்தது, கட்டடக்காரர் வில்சனின் பழைய கரி குடோனுக்கு மேல்மாடி. கீழே பல வருடமாகப் பூட்டு. இங்கிருந்து மட்டும் யாருக்காகவும் கிளம்புவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு. அடுத்த வாரம் பிள்ளைகளின் முதல் மேடை. நிகழ்ச்சிப் புத்தகத்தின் அட்டைப்படம் ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

வரிசையாக நின்று சிரிக்கும் படம் அவளுக்கு வேண்டாம். ஜதி முடிகிற "தோம்" என்ற இடத்தில் பதினேழு பேரின் காலும் ஒன்றாகத் தரையில் விழ வேண்டும். அந்த நொடியில் போட்டோக்காரர் வசீம் கேமராவை அழுத்த வேண்டும்.

மணி 3.40. தாளம் போடும் தட்டுக்கழியை எடுத்தாள்.

ததிங்கிணதோம்... ததிங்கிணதோம்... ததிங்கிணதோம்.

சலங்கைகள் ஒன்றாக ஒலித்தன. அதற்கு அரைத் தாளம் பின்னால்...

தொப்.

மறுபடி ஆடச் சொன்னாள். மறுபடியும் அதே. பின்வரிசை மகிழினிமேல் சந்தேகம் வந்தது. தனியாக ஆடவிட்டாள். சரியாக இருந்தது. பதினேழு பேரையும் ஒவ்வொருவராக ஆடவிட்டாள். ஒருத்திகூடத் தப்பவில்லை.

வசீம் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். கன்டெய்னர் லாரி போனால் கட்டடம் அதிரத்தான் செய்யும். சாலை காலியாகும்வரை காத்திருந்தார்கள்.

4.12.

ததிங்கிணதோம்.

தொப்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின்னால் விழும் அந்தக் காலில் சலங்கை இல்லை.

"மிஸ்," என்றாள் மகிழினி. "கீய இருந்து வருது மிஸ்."

பிள்ளைகளைச் சுவரோரம் உட்காரவைத்தாள். யாரும் அசையவில்லை. தரையில் ஒரு கையை ஊன்றி, மறுகையால் கழியைத் தட்டினாள்.

உள்ளங்கையில் ஒரு குதிகால் மோதியது. சிமெண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து...

வசீம் கேமராவைப் பையில் போட்டுவிட்டார். "வேணாம்க்கா. காசிமேட்டு கடலாண்ட இட்டுகினு போய் எடுத்துக்கலாம்."

"இங்கதான் எடுக்கணும்."

தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ யாரா வேணா இரு. எனக்கு இன்னா? என் க்ளாஸ்ல தாளம் தப்பக் கூடாது. காலைச் சீக்கிரம் தூக்கு."

தட்டினாள். பின்னால்தான் விழுந்தது.

தட்டினாள். கொஞ்சம் நெருங்கியது...

தட்டினாள்.

ஒரே சத்தம்.

4.31. பிள்ளைகளை மறுபடி வரிசையில் நிறுத்தினாள். வசீம் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு கேமராவை எடுத்தார். பதினேழு பேர், ஒரே நொடி. படத்தில் பிசகே இல்லை. அச்சுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை, வயரிங் பார்க்க வில்சன் குடோனைத் திறந்தார். அடுத்த நிமிடமே அவளைக் கீழே கூப்பிட்டார். டார்ச்சை மேலே அடித்தார்.

அவள் மாடித் தரையின் அடிப்பக்கம். கரித்தூள் படிந்து கறுத்திருந்தது. அந்தக் கறுப்பில், தூள் உதிர்ந்து வெள்ளையாக, ஒரு ஜோடிச் சின்னப் பாதங்கள். குதிகால்கள் நெருங்கி, விரல்கள் இரு பக்கமும் விரிந்து...

பரதத்தின் அரைமண்டி நிலை. தலைகீழாக.

"காலி பண்ணிடும்மா," என்றார் வில்சன்.

"இன்னாத்துக்கு? ஒருத்தி தாளம் தப்பிகினு கெடந்தா. சொல்லிக் குடுத்தேன், கத்துக்குனா. அஞ்சு மணிக்கு க்ளாஸ் கீது. நான் போவ மாட்டேன்."

வில்சன் டார்ச்சை மெதுவாக நகர்த்தினார்.

பக்கத்தில் இன்னொரு ஜோடி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சுவரிலிருந்து சுவர்வரை, நான்கு வரிசை...

அவள் கேட்டது ஒரே ஒருத்தியின் காலை.

மற்றவர்கள் முதல் நாளிலிருந்தே தாளம் தப்பவில்லை.